ஹைத்தி சொல்லும் பாடம்: வெற்றிக்குப் பின் நடந்தது என்ன?

(அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



யுத்தங்களும் அரசியல் கொந்தளிப்புகளும் தேசங்களை எப்படி உருவாக்குகின்றன என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். விஷயம் மிகப் பெரியது. உலக சரித்திரம் முழுவதையும் இழுத்து வந்து இந்தக் கூடத்தில் கொட்டினால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். விஸ்தீரணத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் பெயர் ஹைத்தி.

ஏன் இந்த நாடு? சென்ற மாதம் இதே போன்ற ஒரு வகுப்பில் ஒரு வாலிபர் எழுந்து கேட்டார்: "அடிமைகள் தாங்களே கிளர்ந்தெழுந்து, வெற்றி பெற்று, ராஜ்யம் அமைத்த ஒரே நாடு ஹைத்தி என்கிறீர்கள். சரி. 200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று தலைநகரத்தில் ஆயுதக் கும்பல்கள் தெருத் தெருவாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். அப்படியானால் அந்தப் புரட்சியால் என்ன பிரயோஜனம்? சும்மா இருந்திருக்கலாமே?"

உண்மையைச் சொல்ல வேண்டும். நம்மிடம் அன்று பதில் இல்லை. 'ஏகாதிபத்தியத்தின் சதி' என்று இரண்டு வாக்கியம் பேசி, பலமாகக் கை தட்டலும் வாங்கி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அந்த வாலிபர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் திருப்தியோடு உட்காரவில்லை. கோஷம் பதிலாகாது, தோழர்களே! கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டார். ஆகவே கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்து, இன்று அந்தப் பதிலைச் சொல்ல வந்திருக்கிறோம். அவரும் இங்கே வந்திருக்கிறார் என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

செல்வம் யாருடையது?

கரிபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்று ஒரு தீவு. 1492-ல் கொலம்பஸ் வந்து இறங்கிய தீவு. அங்கே குடியிருந்த டைனோ ஜனங்கள், ஸ்பானியர்களின் கொடுமையாலும் அவர்களோடு வந்த நோய்களாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். 1697-ல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி, தீவின் மேற்கே மூன்றில் ஒரு பகுதி பிரான்சின் கைக்கு வந்தது. அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் சேன் தொமிங்.

நூறு வருஷத்துக்குள் அந்தச் சின்னஞ்சிறு காலனி உலகத்திலேயே அதிக லாபம் தரும் காலனி ஆகிவிட்டது. ஐரோப்பாவில் செலவான சர்க்கரையில் 100-க்கு 40 பங்கு அங்கிருந்து போயிற்று. காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போயிற்று. போர்தோ, நாந்து போன்ற பிரெஞ்சுத் துறைமுகப் பட்டணங்கள் இந்த வியாபாரத்தில் கொழுத்தன. மாட மாளிகைகள் எழுந்தன.

இந்தச் செல்வத்தை உண்டாக்கியது யார்? 1789-ல் அங்கே வெள்ளையர்கள் முப்பதிலிருந்து நாற்பதாயிரம் பேர். கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் சேர்ந்து சுமார் 30 ஆயிரம் பேர். அடிமைகள் சுமார் 5 லட்சம் பேர்!

அந்த அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். ஏன் அப்படி? காலனி ஏற்பட்டு நூறு வருஷம் ஆன பின்பும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏன் குறைவாக இருந்தார்கள்? ஏனென்றால் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். குழந்தை பெற்று வளர்க்க விடுவதைவிட, இருக்கிறவனைச் சாகும்வரை வேலை வாங்கிவிட்டுப் புதியவனை விலைக்கு வாங்குவது லாபம் என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். கடைசி வருஷங்களில் ஆண்டொன்றுக்கு 30 ஆயிரம் பேருக்கு மேல் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' இதற்குக் காவல். ஓடிப்போய் ஒரு மாதம் தலைமறைவாக இருந்த அடிமைக்குக் காதை அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை மரண தண்டனை. இதெல்லாம் ஏட்டில் எழுதி வைத்த சட்டம்!

"சும்மா இருந்திருக்கலாமே" என்று கேட்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சும்மா இருந்தால் செத்துப் போவார்கள். அதுதான் அங்கே ஏற்பாடு.

மூன்று கூட்டத்தார், மூன்று சுதந்திரம்

1789-ல் பாரிசில் புரட்சி வெடித்தது. மனிதர்கள் பிறப்பால் சமம் என்று பிரகடனம் செய்தார்கள். கப்பல்கள் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு சேன் தொமிங் வந்து சேர்ந்தன.

தோட்ட முதலாளிகள் அதைப் படித்தார்கள். பிரான்சோடு மட்டும்தான் வியாபாரம் செய்ய வேண்டும் என்ற கட்டு ஒழிய வேண்டும், அதுதான் சுதந்திரம் என்றார்கள். சொத்துள்ள கலப்பினத்தார் அதைப் படித்தார்கள். வெள்ளையர்களுக்குச் சமமாக எங்களுக்கும் உரிமை வேண்டும், அதுதான் சுதந்திரம் என்றார்கள். அவர்களிலும் அடிமைகளை வைத்திருந்தோர் உண்டு. அவர்களில் ஒருவரான வென்சான் ஓஜே 1790-ல் ஆயுதம் ஏந்தினார். அடிமைகளைத் தம் பக்கம் சேர்க்க அவர் விரும்பவில்லை. 1791 பிப்ரவரியில் வெள்ளையர்கள் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள்.

அடிமைகளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று விசிறி வீசியவனுக்கும், வண்டி ஓட்டியவனுக்கும் காது இருந்தது. 1791 ஆகஸ்டு 22-ம் தேதி இரவு வடக்குச் சமவெளியில் கிளர்ச்சி தொடங்கியது. புக்மன் என்பவர் ஆரம்பத் தலைவர்களில் ஒருவர். சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. புக்மன் நவம்பரில் கொல்லப்பட்டார். கிளர்ச்சி நிற்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாரிஸ் கன்வென்ஷன் சபை 1794 பிப்ரவரி 4-ம் தேதி எல்லாக் காலனிகளிலும் அடிமை முறையை ஒழித்துத் தீர்மானம் போட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1793 ஆகஸ்டு 29-ம் தேதி, சேன் தொமிங்கின் வடக்கு மாகாணத்தில் பிரெஞ்சுக் கமிஷனர் சோந்தோனாக்ஸ் அடிமைகளை விடுதலை செய்து அறிவித்துவிட்டார். ஸ்பெயினும் பிரிட்டனும் படையெடுத்து நின்றன. கிளர்ந்தெழுந்த அடிமைகளின் துணையில்லாமல் காலனியைக் காப்பாற்ற வழியில்லை. இரண்டு வருஷமாகக் காட்டிலும் மலையிலும் போராடியவர்கள் வாங்கியதைத்தான் பாரிஸ் அங்கீகரித்தது. அங்கீகரித்த சபைக்குரிய பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வரமாகக் கிடைத்தது அல்ல.

தலைவரின் சங்கடம்

இந்தப் போராட்டத்திலிருந்து எழுந்த மாபெரும் தலைவர் தூசேன் லூவர்த்தூர். அடிமையாகப் பிறந்தவர். தோட்டத்தில் வண்டி ஓட்டியவர். கிளர்ச்சிக்கு முன்பே விடுதலை பெற்றவர். 1794-ல் அவர் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் சேர்ந்தார். 1798-ல் பிரிட்டிஷ் படை, பல ஆயிரம் சிப்பாய்களைக் காய்ச்சலுக்கும் சண்டைக்கும் பலி கொடுத்துவிட்டு, கப்பலேறிப் போயிற்று. 1801-ல் தூசேன் ஓர் அரசியல் சட்டம் வகுத்தார். இந்த மண்ணில் அடிமை முறை என்றென்றைக்கும் இல்லை என்று அதில் எழுதினார். தம்மை ஆயுட்கால கவர்னர் என்றும் எழுதிக்கொண்டார்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். சுதந்திரத்தைக் காப்பாற்றத் துப்பாக்கி வேண்டும், மருந்து வேண்டும். அவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணத்துக்குச் சர்க்கரையும் காப்பியும் வேண்டும். சர்க்கரைக்குப் பெருந்தோட்டம் வேண்டும். ஆகவே 1800-ல் தூசேன் உத்தரவு போட்டார்: தோட்ட வேலைக்காரர்கள் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது. ராணுவக் கட்டுப்பாடு அவர்களுக்கும் உண்டு. விளைச்சலில் நாலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. ஓடிப்போன வெள்ளை முதலாளிகளில் பலரையும் திரும்ப அழைத்தார்.

தூசேன் துரோகி அல்ல. அவர் போட்ட கணக்கில் தப்பும் சொல்ல முடியாது. எதிரி கடலில் காத்திருந்தான். ஆனால் வயலில் நின்றவனுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? அதே தோட்டம், அதே மணி, அதே முதலாளி. சவுக்கு மட்டும் இல்லை. அவன் கேட்டது தனக்கென்று ஒரு துண்டு நிலம். 1801 அக்டோபரில் வடக்கே தோட்டத் தொழிலாளிகள் மறுபடியும் எழுந்தார்கள். அதற்கு ஆதரவு என்று தூசேனின் உறவினரும் தளபதியுமான மோயீஸ் மேல் குற்றம் சாட்டப்பட்டது. தூசேன் அவரைச் சுட்டுக் கொல்லும்படி உத்தரவிட்டார்.

டிரினிடாடைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938-ல் 'கறுப்பு ஜேகோபின்கள்' என்ற பெயரில் இந்தப் புரட்சியின் சரித்திரத்தை எழுதினார். தூசேனிடம் அளவற்ற மதிப்புள்ளவர். அவரே இந்த இடத்தில்தான் தூசேனின் பெரிய தவறைக் காண்கிறார். தாம் செய்வது எதற்காக என்பதைத் தம்முடைய சொந்த ஜனங்களிடம் அவர் எடுத்துச் சொல்லவில்லை என்கிறார். பொதுவேலையில் இருக்கிற நம் ஒவ்வொருவருக்கும் உறைக்க வேண்டிய வார்த்தை இது.

ஜெனரல்கள் பின்னே வந்தார்கள்

மோயீஸ் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1802 பிப்ரவரியில் நெப்போலியன் போனபார்ட்டின் மைத்துனர் லெக்ளேர், 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட படையுடன் வந்து இறங்கினார். கடும் சண்டைக்குப் பின் கிறிஸ்தோப், தெஸாலின் போன்ற பெரிய தளபதிகள் ஒவ்வொருவராகப் பணிந்தார்கள். தூசேனும் ஆயுதத்தைக் கீழே வைத்துத் தம் நிலத்துக்குப் போனார். ஜூன் மாதம் பேச்சுவார்த்தை என்று அழைத்து அவரைக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். ஜூரா மலையில் ஜூ கோட்டைச் சிறையில் குளிரிலும் நோயிலும் வாடி, 1803 ஏப்ரல் 7-ம் தேதி அவர் இறந்தார்.

ஆனால் பெயர் தெரியாத சிறு சிறு கூட்டங்கள் மலையில் சண்டையை நிறுத்தவில்லை. பணிந்த தளபதிகள் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து இவர்களை வேட்டையாடிய மாதங்களும் உண்டு. இதற்கிடையே பக்கத்துக் குவாதலூப் தீவிலிருந்து செய்தி வந்தது. அங்கே மறுபடியும் அடிமை முறையைக் கொண்டுவந்துவிட்டான் போனபார்ட்! நாளை இங்கேயும் அதுதான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 1802 அக்டோபரில் பெத்தியோன், கிறிஸ்தோப், தெஸாலின் ஆகிய தளபதிகள் பிரெஞ்சுப் படையை விட்டு வெளியேறினார்கள். ஜனங்கள் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள், ஜெனரல்கள் பின்னே வந்தார்கள்.

லெக்ளேர் மஞ்சள் காய்ச்சலில் மாண்டார். அவருக்குப் பின் வந்த ரோஷாம்போ, 1803 நவம்பர் 18-ம் தேதி வெர்த்தியேரில் தோற்றார். 1804 ஜனவரி 1-ம் தேதி கொனாயிவ் நகரில் தெஸாலின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். காலனிப் பெயர் ஒழிந்தது. அழிந்துபோன டைனோ ஜனங்கள் அந்த மண்ணுக்கு வைத்திருந்த ஹைத்தி என்ற பெயர் திரும்பி வந்தது.

கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த சில மாதங்களில் தெஸாலினின் உத்தரவின்படி, எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர் பல ஆயிரம் பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். ரோஷாம்போ செய்த படுகொலைகள் இதற்கு முன் நடந்தவை என்பது உண்மை. அதற்காக இது நியாயமாகிவிடாது. நம் தரப்பு என்று நாம் கருதுகிறவர்கள் செய்ததை மூடி மறைத்தால், அது சரித்திரம் அல்ல, விளம்பரம்.

இந்த யுத்தம் ஹைத்தியை மட்டுமா உருவாக்கியது? சேன் தொமிங் கைவிட்டுப் போகிறது என்று கண்ட போனபார்ட், அமெரிக்கக் கண்டத்தில் தனக்கிருந்த லூசியானா பிரதேசத்தை 1803-ல் 1 கோடி 50 லட்சம் டாலருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்றுவிட்டான். அமெரிக்காவின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஹைத்தி அடிமைகள் சிந்திய ரத்தத்தால் அமெரிக்கா பெரிய நாடாயிற்று. அப்படிக் கிடைத்த நிலத்தின் தென்பகுதியில் என்ன செய்தார்கள்? அடிமைகளை ஓட்டி வந்து கரும்பும் பருத்தியும் பயிரிட்டார்கள்! நன்றிக்கடனாக, ஹைத்தி என்ற நாடே இல்லை என்பதுபோல் 1862 வரை அங்கீகாரம் கொடுக்க மறுத்தார்கள்.

நிலத்துக்கான மௌன யுத்தம்

சுதந்திரம் வந்தது. நிலம் யாருக்கு? பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்கள் சர்க்காருக்கு வந்துவிட்டன. ஜெனரல்களும், சொத்துள்ள கலப்பினக் குடும்பங்களும் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெஸாலின் அந்தப் பத்திரங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். 1806 அக்டோபர் 17-ம் தேதி தலைநகருக்கு அருகே பதுங்கியிருந்து அவரைக் கொன்றார்கள். நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கே கிறிஸ்தோப் 1811-ல் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டு, தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கி, மலை உச்சியில் பிரம்மாண்டமான கோட்டை கட்டினார். தெற்கே பெத்தியோன் 1809 முதல் சிப்பாய்களுக்கு நிலத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தார். பெரிய துண்டுகள் பெரிய அதிகாரிகளுக்குப் போயின என்பதையும் மறக்க வேண்டாம். 1820-ல் கிறிஸ்தோப் தற்கொலை செய்துகொண்டார். அதன் பின் புவாயே இரு பகுதிகளையும் ஒன்றாக்கினார்.

ராஜாவும் ஜனாதிபதியும் எத்தனை உத்தரவு போட்டாலும், ஜனங்கள் தங்கள் முடிவைச் செய்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டு மலைச் சரிவுகளுக்குப் போனார்கள். வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, வாழை, கொஞ்சம் காப்பி என்று பயிர் வைத்தார்கள். வெட்டு, அறுவடைக் காலங்களில் ஒருவர் நிலத்தில் எல்லோரும் கூடி வேலை செய்யும் 'கொன்பிட்' என்ற வழக்கம் வேரூன்றியது. 1826-ல் புவாயே கிராமச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு விவசாயிகளை மறுபடியும் தோட்டத்தோடு கட்டிப்போடப் பார்த்தார். பெரும்பாலான இடங்களில் அது செல்லவில்லை.

சர்க்கரை ஏற்றுமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஐரோப்பியப் பத்திரிகைகள் "பார், நாடு பாழாய்ப் போயிற்று!" என்றன. யாருடைய கண்ணுக்குப் பாழ்? பிறப்பைவிட இறப்பு மிகுந்திருந்த அதே மண்ணில், இப்போது ஒரு அடிமைக் கப்பலும் வராமலேயே ஜனத்தொகை பெருகியது. குழந்தைகள் பிழைத்தன. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

நமக்குச் சம்பந்தமுள்ள ஒன்றும் இங்கே உண்டு. குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் தோட்டங்கள் தோட்டங்களாகவே நீடித்தன. 1848-ல் பிரான்ஸ் இரண்டாம் முறையாக அடிமை முறையை ஒழித்தபோது, அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பலர் திரும்பவில்லை. ஹைத்திக்கு அப்படிப்பட்ட கூலிக் கப்பல்கள் போகவில்லை. அங்கே தோட்டத்தின் முதுகெலும்பை ஜனங்கள் முறித்திருந்தார்கள்.

புரட்சியால் என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது.

கடன் பத்திரம்

இரண்டாம் பாதிக்கு வருவோம். 1825 ஜூலை மாதம். பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் அனுப்பிய மக்கோ பிரபு துறைமுகத்துக்கு வந்தார். பின்னாலேயே போர்க் கப்பல்கள் வந்தன. கப்பல்களில் பீரங்கிகள் 500 இருக்கும். கையில் ஏப்ரல் 17-ம் தேதியிட்ட ஓர் உத்தரவு. அதன் சாரம்: ஹைத்தியின் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறோம். அதற்கு விலையாக, நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முன்னாள் முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு தர வேண்டும். 5 வருஷத் தவணை. பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கத்தில் பாதிதான் வாங்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள்! சவுக்கடி பட்டவன், அடித்தவனுக்கு நஷ்டஈடு தர வேண்டும். தன் உடம்பின் விலையைத் தானே கட்ட வேண்டும். புவாயே கையெழுத்துப் போட்டார்.

முதல் தவணை 3 கோடி பிராங்க். அது ஹைத்தி சர்க்காரின் ஒரு வருஷ வருமானத்தைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு. பணம் எங்கே? பாரிசிலேயே பாங்கிக்காரர்கள் தயாராக இருந்தார்கள். 3 கோடி கடன் கொடுத்தார்கள். அதில் 60 லட்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது 2 கோடி 40 லட்சம். பத்திரத்தில் 3 கோடி! நம் ஊரில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, முழுத் தொகைக்கும் நோட்டு எழுதி வாங்குகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அதே வித்தை. பிரான்சுக்குக் கட்டப் பிரான்சிடமே கடன். இரண்டு கடனும் ஒரே தலைமேல்.

கட்ட முடியவில்லை. 1838-ல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதையும் கட்டி முடிக்க 1880-கள் ஆகிவிட்டன. இடையிலே புதிய கடன்கள். 1880-ல் ஹைத்தி தேசிய பாங்க் என்று ஒன்று ஏற்பட்டது. பெயர் ஹைத்தியுடையது, தலைமை ஆபீஸ் பாரிசில். ஹைத்தி சர்க்கார் தன் பணத்தைப் போட்டாலும் கமிஷன், எடுத்தாலும் கமிஷன். 2022-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை பழைய ஏடுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டது. இந்த இரட்டைக் கடனுக்கு ஹைத்தி கட்டியது இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர் என்று கண்டது.

இந்தப் பணத்தைக் கட்டியது யார்? புவாயேயின் பிரபுக் குடும்பங்களா? இல்லை. காப்பி ஏற்றுமதி வரியிலிருந்துதான் பெரும்பகுதி போயிற்று. மலைச் சரிவில் நாலு காப்பிச் செடி வைத்திருந்த விவசாயிதான் கட்டினான். நகரத்துப் பெரிய மனிதர்கள் பிரெஞ்சு பேசினார்கள். கோர்ட்டும் பள்ளிக்கூடமும் பிரெஞ்சில் நடந்தன. கிராமத்தான் பேசிய கிரெயோல் மொழிக்கு ஆட்சி மொழி அந்தஸ்து 1987 அரசியல் சட்டத்தில்தான் கிடைத்தது. வரி வாங்கும் சர்க்கார் பள்ளிக்கூடமும் ரோடும் கொடுக்கவில்லை. எல்லாப் பழியையும் வெளிநாட்டான்மேல் போட்டுவிட்டு இவர்களைத் தப்பவிடக் கூடாது, தோழர்களே! கடன் வாங்கியவன் ஒருவன், கட்டியவன் இன்னொருவன்.

வந்தவர்கள் முதலில் கேட்டது

1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் ஹைத்தி தேசிய பாங்கிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமானமுள்ள தங்கத்தை எடுத்துக் கப்பலில் நியூயார்க் கொண்டுபோனார்கள். 1915 ஜூலை 28-ம் தேதி, ஜனாதிபதி கொல்லப்பட்ட குழப்பத்தைக் காரணம் காட்டிப் படையே வந்து இறங்கியது. 1934 வரை 19 வருஷம் இருந்தது. அவர்கள் முதலில் எதைக் கைப்பற்றினார்கள்? சுங்கச் சாவடிகளையும் கஜானாவையும். 1918-ல் எதை மாற்றினார்கள்? வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று தெஸாலின் காலத்திலிருந்து வந்த சட்டத்தை. ரோடு போடக் கயிற்றில் கட்டி விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போனார்கள். ஷார்ல்மாஞ் பெரால்ட் தலைமையில் விவசாயிகள் எதிர்த்தார்கள். 1919-ல் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படம் பிடித்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். ஜனங்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தார்கள். ஜனங்களோ அந்தப் படத்தில் சிலுவையில் அறையப்பட்டவரைக் கண்டார்கள்.

படை போயிற்று. அது பயிற்சி கொடுத்து வைத்த ராணுவம் இருந்தது. அந்த ராணுவம் ஜனாதிபதிகளை ஏற்றியது, இறக்கியது. 1957 முதல் 1986 வரை துவாலியே தந்தையும் மகனும் நடத்திய பயங்கர ஆட்சியை நாம் விவரிக்கப் போவதில்லை. 1990-களின் நடுவில் கடன் கொடுத்த ஸ்தாபனங்களின் நிர்ப்பந்தத்தால் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. ஹைத்தி நெல் விவசாயி நிலத்தை விட்டு நகரத்துச் சேரிக்குப் போனான். அந்தச் சமயம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிளின்டனே 2010-ல் அது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதே 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தபோது, அந்தச் சேரிகளும் இடிந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பூமி அதிர்ந்தது இயற்கை. இத்தனை பேர் அந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது இயற்கை அல்ல. 2021-ல் ஜனாதிபதி ஒருவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் ஆயுதக் கும்பல்கள் கை ஓங்கியதைத்தான் அந்த வாலிபர் பத்திரிகையில் படித்தார்.

நம் பதில்

ஆகவே தோழர்களே, அந்தக் கேள்விக்கு நம் பதில் இதுதான்.

முதலாவது: புரட்சி ஹைத்தியை ஏழையாக்கவில்லை. புரட்சிக்கு முன் அங்கே செல்வம் இருந்தது. ஆனால் அதை உண்டாக்கியவர்களுக்கு உயிரே சொந்தமில்லை. புரட்சி அவர்களுக்கு உயிரைக் கொடுத்தது, குழந்தைகளைக் கொடுத்தது, காலடி வைக்க நிலம் கொடுத்தது.

இரண்டாவது: ஒரு தேசத்தை உருவாக்குவது யுத்தம் மட்டும் அல்ல, யுத்தம் முடிந்த பிறகு எழுதப்படும் பத்திரமும்தான். வெர்த்தியேரில் போனபார்ட்டின் படையால் பிடிக்க முடியாததை, 22 வருஷம் கழித்து ஒரு கடன் பத்திரம் பிடித்தது. எந்த நாட்டில் எந்த ஆட்சி மாறினாலும் நாம் மூன்றைக் கேட்க வேண்டும். நிலம் யார் கையில்? கணக்குப் புத்தகம் யார் கையில்? துப்பாக்கி யார் கையில்? கொடி மாறியதை மட்டும் பார்த்துக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

மூன்றாவது: தலைமை தாங்குகிறவர்கள் ஜனங்களிடம் பேச வேண்டும். தூசேன் வென்றதெல்லாம் ஜனங்களோடு நின்றபோது. தடுமாறியது, அவர்கள் சார்பில் தாமே எல்லாவற்றையும் முடிவு செய்தபோது.

2003-ல் ஜனாதிபதி அரிஸ்தீத், கட்டிய பணத்தைப் பிரான்ஸ் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். 2,100 கோடி டாலருக்கு மேல் கணக்குக் காட்டினார். மறு வருஷம் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 2025 ஏப்ரல் 17-ம் தேதி, அந்த உத்தரவு பிறந்து சரியாக 200 வருஷம் ஆன அன்று, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன், ஹைத்தியிடம் அப்படிச் சுமை ஏற்றியது அநீதி என்று ஒப்புக்கொண்டு, இரு நாட்டுச் சரித்திராசிரியர்கள் கொண்ட ஒரு கமிஷனை அறிவித்தார். பணம் திருப்பித் தருவதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் நெடுங்காலம் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கியவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். ஹைத்தி ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அதுவும் நடந்தது. கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

அந்த வாலிபத் தோழருக்கு ஒரு வார்த்தை. சென்ற மாதம் நீங்கள் கேட்டிராவிட்டால், நாம் இதைப் படித்திருக்க மாட்டோம். கோஷத்தோடு திருப்தியடைந்திருப்போம். இன்று சொன்னதிலும் சந்தேகம் இருக்கலாம். எழுந்து கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம். தெரியாததைச் சேர்ந்து படிப்போம்.